ஆரே பாடாவுக்கு ஆள் அனுப்பும் ப்யூரோ: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

மும்பையில் வீட்டோடு இருக்கும் வயதானவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால் "ப்யூரோவுக்கு போன் போடு" என்பதுதான் வழக்கு. பதிவுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ப்யூரோ ஒரு மௌசியையோ (பெண் ஆள், அதாவது ஆயா) வார்டு பாயையோ (ஆண் ஆள்) அனுப்பும். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் பலருக்கு இதுதான் பிழைப்பு. இந்த மதிப்பீடு முதலில் அவர்களுக்கு, அப்புறம்தான் ஆள் தேடும் குடும்பங்களுக்கு. கோரேகாவ் கிழக்கில் ஒரு ப்யூரோ, ஆரே காலனிக்குள் இருக்கும் ஆதிவாசிப் பாடாக்களுக்கும், அதாவது குக்கிராமங்களுக்கும், ஆள் அனுப்புகிறது. பெயர் எழுதவில்லை. எழுதினாலும் பெரிய உபயோகம் இல்லை. மற்ற ப்யூரோக்கள் விற்பதும் ஏறக்குறைய இதே பேக்கேஜ்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆள் நல்லது. வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் நல்லது. வாடகைச் சாமான்களில் கமோட் நாற்காலியைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஷிப்டு நேரத்தை மாற்றாமல் கையெழுத்துப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: பேக்கேஜை எழுதியவர் அந்தேரி ஃப்ளாட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். பாடா வீட்டில் வயதானவர் வாழ்வது தரையில். தூங்குவது, சாப்பிடுவது, கீரை ஆய்வது, யார் வருகிறார் யார் போகிறார் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எல்லாமே தரையில். ப்யூரோ செய்கிற முதல் காரியம் அவரைத் தரையிலிருந்து தூக்கி உயரமான கட்டிலில் போடுவது. அதுவரை வீட்டுக்குப் பெரியவராக இருந்தவர் அன்றைக்கே பேஷண்ட் ஆகிவிடுகிறார்.

ஆரே பால் காலனி 1949-இல் வந்தது. வார்லி, கோக்ணா, மல்ஹார் கோளி மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள். 27 பாடா என்று கணக்குச் சொல்வார்கள். ப்யூரோவின் படிவத்தில் இவர்களுக்கென்று இருப்பது இரண்டே கட்டம்: மதம், அப்புறம் வெஜ்ஜா நான்வெஜ்ஜா. இதை வைத்துக்கொண்டு முதல் நாள் காலை காபி நேரத்தைக்கூடத் தாண்ட முடியாது. கேட்க வேண்டியவை வேறு. வீட்டில் என்ன பேச்சு? தெய்வம் எந்தப் பக்கம், அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுக்கலாமா? குளிப்பாட்ட யார் தொடலாம், யார் தொடக் கூடாது? காலையில் வாயில் முதலில் என்ன போடுவார்? உடம்புக்கு முடியாமல் போனால் டாக்டருக்கு முன்னால் யாரைக் கூப்பிடுவார்கள்? இந்த ஐந்தையும் சூப்பர்வைசர் முதல் சந்திப்பில் கேட்டு நோட்டில் எழுதினால், வருகிற ஆயா பாதி வேலையை முடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறாள். இந்த ப்யூரோவில் இப்படிக் கேட்கும் சூப்பர்வைசர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு. யார் வருவார் என்பது குலுக்கல்தான்.

பேச்சு விஷயத்தில் தமிழ் ஆயாக்களுக்கு ஒரு வசதி, ஒரு ஆபத்து. வீட்டுக்குள் வார்லியோ கோக்ணாவோ பேசினாலும் மராத்தி புரியும். மராத்தியில் 'ஹளூ' என்றால் மெதுவாக; இந்திக்காரர் திணறுகிற அந்த ள நம் நாக்குக்குச் சொந்தம். 'பஸா' உட்காருங்கள், 'குஷீவர் வளா' ஒருபக்கமாகத் திரும்புங்கள், 'துக்தய் கா' வலிக்கிறதா. இந்த நாலு வார்த்தையில் ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஆபத்து, நாம் பழகிய பம்பாய் இந்தி. அதில் எல்லாரும் 'தும்', அவசரத்தில் எல்லாரும் 'தூ', அதாவது வெறும் 'நீ'. எழுபது வயதுப் பெண்ணிடம் "ஏ, பைட்" (ஏய், உட்கார்) என்று சொன்னால் அவர் திட்ட மாட்டார்; சாப்பிட மாட்டார். 'ஆஜி' (பாட்டி), 'ஆஜோபா' (தாத்தா), 'தும்ஹி' (நீங்கள்) போதும். வீட்டுப் பிள்ளைகள் ஒருமையில் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு நாமும் அப்படிக் கூப்பிடக் கூடாது. அது அவர்கள் உரிமை.

இனி ஷிப்டு. எட்டுக்கு எட்டு என்பது ப்யூரோ கணக்கு. பாடாவுக்கு அது ஆகாது. டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். இரவு எட்டு மணிக்கு ஆள் மாறினால், ஒருத்தி பெரிய ரோட்டிலிருந்து பாடாவுக்குத் தனியாக நடந்து வருவாள், இன்னொருத்தி அதே வழியில் தனியாகத் திரும்புவாள். பக்கத்திலேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. சிறுத்தை ஆரேவுக்குள் வருவது செய்தியே அல்ல. பாடாக்காரர்கள் அதை வாகோபா என்று கும்பிடுகிறார்கள். செந்தூரம் பூசிய கல் இருக்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார்கள், தீபாவளித் தொடக்கத்தில் வாக்பாரஸ் கொண்டாடுவார்கள். கும்பிடுவதால் அவர்கள் அஜாக்கிரதையாக இருப்பதில்லை. அந்தி சாய்ந்தபின் பிள்ளைகளை வெளியே விட மாட்டார்கள், தனியாக ஒதுங்கப் போக மாட்டார்கள். அந்த ஒழுங்குக்குத்தான் நாமும் கட்டுப்பட வேண்டும். காலை ஏழுக்கும் மாலை ஐந்தரைக்கும் ஷிப்டு மாறட்டும். கேட்டால் இந்த ப்யூரோ சம்மதிக்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் எழுதித் தராது; எழுதச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் தங்கி வேலை செய்யும் 24 மணி நேர ஆளே மேல். அப்படித் தங்குபவருக்கு இரவில் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் தூக்கமும், அந்த நேரத்துக்கு வீட்டில் இன்னொருவர் பொறுப்பும் வேண்டும். அது இல்லாமல் போனால் நாலாம் நாள் ஆள் சொல்லாமல் கிளம்பிவிடுவாள்.

தாராவியிலிருந்து வருகிறவர்களுக்கு 2025 மே முதல் மெட்ரோ 3 நேராக ஆரே வரை இருக்கிறது. தாராவியில் ஏறி ஆரே ஜே.வி.எல்.ஆர். நிலையத்தில் இறங்கலாம். அதே மெட்ரோவின் பணிமனைக்காகத்தான் ஆரேயில் மரம் வெட்டினார்கள், ஒரு பாடாவே இடம் பெயர்ந்தது. "எப்படி வந்தாய்" என்று கேட்டால் மெட்ரோவைப் பற்றிப் பெருமை பேசாமல் "வண்டியில் வந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

தரைக்கு வருவோம். வாழ்நாள் முழுக்கத் தரையில் படுத்தவரை இருபத்தைந்து அங்குல உயர ஃபௌலர் கட்டிலில் (ஆஸ்பத்திரிக் கட்டில்) போட்டால், நடுராத்திரி பழக்கத்தில் எழுந்து காலை ஊன்றப் போவார். அங்கே தரை இருக்காது. இடுப்பு எலும்பு போய்விடும். கட்டிலுக்குப் பக்கத்தடுப்பு போட்டால் அதன்மேல் ஏறி விழுவார், இன்னும் உயரத்திலிருந்து. ஆகவே ஒரு செங்கல் உயரத்தில் பலகை, அதன்மேல் நாலு அங்குல கெட்டி ஃபோம் மெத்தை, மேலே வீட்டுக் கோதடி (பழந்துணியில் தைத்த மெத்தை விரிப்பு). மொத்தம் எட்டு அங்குலத்தைத் தாண்டாது. செங்கல் வைப்பது ஈரத்துக்காக. மழைக்காலத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் மெத்தை ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். பலகையின் ஒரு பக்கத்தைத் திறந்தே வையுங்கள், தினமும் துடைப்பம் உள்ளே போய் வர வேண்டும்.

தரைப் படுக்கைக்கு எதிராக நியாயமான வாதம் ஒன்றே ஒன்றுதான் உண்டு: கட்டுவிரியன். இரவில், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கிற பாம்பு அது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, அப்புறம் இமை தொங்கும், விழுங்க முடியாமல் போகும். இதற்குத் தீர்வு கொசுவலை. வலையைத் தொங்க விட்டால் மட்டும் போதாது. நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகியிருக்க வேண்டும். ப்யூரோ தரும் சாமான் பட்டியலில் கொசுவலையே கிடையாது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் காற்று மெத்தை இருக்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் அது வெறும் பிளாஸ்டிக் விரிப்பு. எலி குழாயைக் கடித்தாலும் அதே கதிதான். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் காற்று மெத்தை உதவும், மறுக்கவில்லை. ஆனால் மெத்தை இருக்கிறது என்ற தைரியத்தில் ஆயா புரட்டிப் போடுவதை நிறுத்துகிறாள். அதுதான் புண்ணின் ஆரம்பம். நம்ப வேண்டியது கடிகாரத்தை. இரண்டு மணிக்கொருமுறை: வலது, மல்லாக்க, இடது. பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது முழுக்கச் செங்குத்தாக வேண்டாம், முதுகுக்குப் பின் மடித்த கோதடியை வைத்து ஏறக்குறைய முப்பது டிகிரி சாய்வு. குதிகாலுக்குக் கீழே அல்ல, கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும்.

தரைப் படுக்கையால் பாதிக்கப்படப்போவது ஆயாவின் முதுகு. குனிந்து செய்தால் ஒரு மாதத்தில் இடுப்பு பிடிக்கும், அப்புறம் ப்யூரோ வேறு ஆளை அனுப்பும், வயதானவர் புது முகத்துக்கு மறுபடி பழக வேண்டும். குனியாதீர்கள், மண்டியிடுங்கள். ஒரு முழங்கால் தரையில், அதற்கடியில் மடித்த சாக்கு. மறு பாதம் ஊன்றி இருக்கட்டும். தரையிலிருந்து எழுப்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒருக்களிக்க வைத்து, மேலே இருக்கும் கையால் தரையை ஊன்றச் சொல்லி முழங்கையில் எழ விடுங்கள். பிறகு நாலு காலில் நிற்கும் நிலை. முன்னால் ஆடாத ஸ்டூலோ நாற்காலியோ வைத்து அதில் இரண்டு கையையும் ஊன்றச் சொல்லுங்கள். பலமான காலை முன்னால் வைத்து எழுந்தால், பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தால் போதும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது பார்க்க அன்பாகத் தெரியும். பக்கவாதம் வந்தவருக்குத் தோள் மூட்டு இறங்கிப் போவது அப்படித்தான். காலில் பலமே இல்லாதவரை ஒருத்தி தூக்கவே கூடாது. கெட்டியான படுக்கை விரிப்பை அடியில் செருகி இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து நகர்த்த வேண்டும். இந்த ப்யூரோவின் ஆட்களுக்குக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றத் தெரிகிறது. தரையிலிருந்து எழுப்பத் தெரிந்தவர் குறைவு. ஆளைச் சேர்க்கும்முன் ஒருமுறை செய்து காட்டச் சொன்னால் தெரிந்துவிடும்.

கமோட் நாற்காலியை ஏன் எடுக்கச் சொல்கிறோம் என்றால், இரவில் ஒதுங்க வெளியே போகக் கூடாது. குந்தி உட்கார்ந்த மனிதர் சிறுத்தையின் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிவார். நாற்காலியை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வரும். ஆயா படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பாள், வசதி. ஆனால் அடுப்பும் தெய்வமும் அதே அறையில் இருக்கும். அடுப்பைப் பார்த்து ஒரு மலச்சட்டியை வைத்தால் நம் வீட்டுப் பாட்டி சும்மா இருப்பாளா? மோரியில், அதாவது வீட்டுக்குள் கழுவும் மூலையில் வையுங்கள். இடமில்லாவிட்டால் படவியில், அதாவது வாசல் தாழ்வாரத்தில், தட்டி கட்டி. குந்தியே பழகியவருக்கு நாற்காலியில் மலம் இறங்காது. காலுக்கடியில் ஏழெட்டு அங்குல மணை போட்டு முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி செய்யுங்கள். மாத்திரையைவிட இது சீக்கிரம் வேலை செய்யும்.

டைப்பர் பற்றி ப்யூரோ வாய் திறப்பதில்லை, பேக்கேஜோடு பாக்கெட்டாக அனுப்புகிறது. ஒரு நாளைக்கு நாலு டைப்பர், மாதத்துக்கு 120. பாடா வாசலில் குப்பை வண்டி வந்து நிற்காது. ஆயா அதைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குப் பின்னால் எறிவாள். நாய் வந்து கிழிக்கும். நாய் இருக்கும் இடத்துக்குச் சிறுத்தை வரும். ஆரேயில் சிறுத்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது குப்பையையும் நாயையும்தான். எரித்தால் பிளாஸ்டிக் புகை மூச்சிரைப்புக்காரரைத்தான் முதலில் தாக்கும். புதைத்தால் மழையில் மேலே வரும். ஆகவே பகலில் டைப்பரே வேண்டாம். பழைய பருத்திப் புடவையை முக்கோணமாக மடித்துக் கட்டி, அடியில் ரப்பர் ஷீட்டும் அதன்மேல் ஒரு துணியும். இரண்டு மணிக்கொருமுறை புரட்டும்போதே பார்த்து மாற்றலாம். வெறும் ரப்பர் ஷீட்டில் தோல் படவே கூடாது. ஆறேழு புடவை கிழித்தால் மழைக்காலத்துக்கும் தாங்கும், அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயவைக்கலாம், ஆனால் உணவுக்கு மேலே அல்ல. இரவுக்கு மட்டும் ஒரு டைப்பர். அதை இறுக மூடும் வாளியில் போட்டு, காலையில் ஷிப்டு முடிந்து போகிறவர் பெரிய ரோட்டுக் குப்பைத் தொட்டிக்கு எடுத்துப் போக வேண்டும். இதையும் வேலைப் பட்டியலில் எழுதாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

துணிமணி விஷயத்தில் ஆயாக்கள் செய்யும் அநியாயம் மேக்ஸி. வார்லி மூதாட்டிகள் லுகடா என்ற சேலையை முழங்கால் வரை கட்டுகிறவர்கள். வேலை சுலபம் என்று அவருக்குப் பூப்போட்ட மேக்ஸியை மாட்டிவிட்டு, பார்க்க வருகிற உறவுக்காரர் முன்னால் உட்கார வைக்கிறார்கள். லுகடாவையே இரண்டு துண்டாக்கலாம்: இடுப்பைச் சுற்றி ஒன்று, பக்கவாட்டில் முடிச்சு, மேலுக்கு ஒன்று. ரவிக்கையை முன்பக்கம் அப்படியே விட்டு, முதுகுப் பக்கம் வெட்டி நாடா வைத்தால், படுத்தபடியே மாட்டலாம். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. கையில் வளையல், மோதிரம் இறுகி வீங்கினால் கத்தரிக்கும்முன் வீட்டாரைக் கேட்க வேண்டும். கையை உயர்த்தி வைத்து, சோப்பு தடவி, விரலில் நூலைச் சுற்றி உருவினால் பெரும்பாலும் வந்துவிடும்.

படுக்கைப் புண்ணைப் பற்றி நர்ஸ் பயிற்சியில் "சிவந்திருக்கிறதா பார்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. நம் தோலிலும்தான் தெரியாது, இருந்தும் நாமே அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வால் எலும்பு, இடுப்பு, குதிகால், காது மடல், தோள்பட்டை எலும்பு: இந்த இடங்களைக் கண்ணால் அல்ல, புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ களிபோலவோ இருக்கிறதா, நிறம் இன்னும் கறுத்தோ ஊதாவாகவோ போயிருக்கிறதா. தோலில் பச்சை குத்தியிருந்தால் கண்ணை நம்பவே முடியாது, விரல்தான் கதி. அப்படி ஒரு இடம் தெரிந்தால் தேய்த்து எண்ணெய் போடக் கூடாது. நம் கை பரபரக்கும், ஆனால் தேய்த்தால் உள்ளே நசுங்கும். அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் இருப்பதே மருந்து. இரத்தச்சோகைக்குக் கீழிமையின் உள்பக்கம், மூச்சுத்திணறலுக்கு நாக்கும் உதடும். இதைச் சரியாகச் செய்கிறவர் இந்த ப்யூரோவின் வாரநர்ஸ்; அதனால்தான் அந்தக் காசு தகும் என்கிறோம்.

சாப்பாட்டில் தமிழ் ஆயாவுக்கு அடித்தது யோகம். நாகலி என்பது நம் கேழ்வரகு. சுக்கட், காய்ந்த பொம்பில் எல்லாம் கருவாடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் கருவாட்டுக் குழம்பு வைக்கிறவளுக்கு இந்த அடுப்பங்கரை அந்நியமே இல்லை. மூக்கைப் பொத்துகிறவர் இந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. ப்யூரோ அதை முன்கூட்டிக் கேட்பதில்லை. பக்கவாதம் வந்தவருக்கு நாகலிப் பாக்கரி (ரொட்டி) தொண்டையில் அடைக்கும். கஞ்சியாகக் காய்ச்சுங்கள், கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடாமல் மெதுவாக வழிய வேண்டும். நேராக உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறக்கி, சின்னக் கரண்டி. சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்க விடக் கூடாது. குரல் தண்ணீரில் பேசுவது மாதிரி களகளத்தால் உணவு தப்பான வழியில் போகிறது என்று அர்த்தம். பிரஷர்காரருக்குக் கருவாடே கூடாது என்று தடை போட்டால் அவர் கஞ்சியையும் தொட மாட்டார். வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரை இரண்டு முறை கொட்டிவிட்டு, சமையலில் உப்பே போடாமல் ஒரு சின்னத் துண்டு. சத்தம் போடாமல் நடக்கும். மழைக்காலத்தில் காட்டுக்கீரையும் கிழங்கும் வரும். சிலவற்றைச் சரியாகப் பக்குவம் செய்யாவிட்டால் தொண்டை அரிக்கும். வீட்டுப் பெண் சமைக்கட்டும், நாம் ஊட்டுவோம்.

மஷேரி என்று கருக்கிய புகையிலைத் தூளால் பல் தேய்க்கும் பழக்கம் வயதான பெண்களிடம் உண்டு. ஆயா வந்த அன்றே டப்பாவை ஒளித்து வைப்பாள். மறுநாள் தூக்கமின்மை, எரிச்சல், உளறல். "புத்தி பேதலித்துவிட்டது" என்று ப்யூரோவுக்கு போன் போகும். அதில் பாதி, புகையிலை திடீரென்று நின்றதன் விளைவு. டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். வாயைத் தினமும் டார்ச் அடித்துப் பார்த்து, வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இரண்டு மூன்று வாரம் ஆறாத புண்ணோ இருந்தால் காட்டுங்கள். தாடி, மோஹா விஷயமும் இப்படித்தான். தாடி என்றால் கள், மோஹா என்றால் இலுப்பைப்பூச் சாராயம். பூசை நாளில் ஒரு மிடறு என்பது குடிப்பழக்கம் அல்ல. ஆனால் எந்த மாத்திரையோடு என்பதைப் பார்க்க வேண்டும்: தூக்க மாத்திரை, மெட்ரோனிடசோல் போடும் நாட்களில் கூடவே கூடாது, சர்க்கரை மாத்திரை போட்ட நாளில் வெறும் வயிற்றில் கூடாது. "கூடாது" என்பதை வீட்டுப் பெரியவரிடம் சொல்லுங்கள், அவர் சொன்னால் நிற்கும்.

இன்சுலின் போடுகிறவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். பெரிய மண்பானையில் மணல், அதை நனைத்து, உள்ளே சின்னப் பானை, ஈரத்துணி மூடி. பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சின்னப் பானைக்குள் வைக்கவும், தண்ணீர் படக் கூடாது. திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். பெரும்பாலான வகைகள் 28 நாள். சாப்பாடு தட்டில் வந்தபிறகுதான் ஊசி. கை நடுங்கி வியர்த்தாலோ மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினாலோ மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதனை. நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மாத்திரை அட்டவணையை ஆங்கிலத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவது ப்யூரோ வழக்கம். படிக்க முடியாது, சுவரும் பாழ். சூரியன், உச்சிவெயில், நிலா என்று மூன்று படம், ஒவ்வொன்றின் கீழும் மாத்திரையையே செல்லோடேப்பில் ஒட்டிய அட்டை போதும். பேரப்பிள்ளை வரைந்தால் நம்மைவிட நன்றாக வரைவான். துணிப்பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள். ஜி6பிடி (இரத்த அணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவருக்கு அதன் நெடியே இரத்த அணுக்களை உடைக்கக்கூடும், ஆதிவாசி சமூகங்கள் பலவற்றில் அந்தக் குறைபாடு காணப்படுகிறது. அரிவாள் செல் நோயும் அப்படியே. அதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1-இல் தொடங்கியது, ஆனால் சோதனை 40 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். பாட்டிக்குக் கார்டு இருக்காது, பேரனுக்கு இருந்தால் அதைக் காட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த நோய் இருப்பவருக்குக் குளிரும் தண்ணீர் குறைவும் வலியைக் கிளப்பும். மழைக்காலத்தில் பச்சைத்தண்ணீர்க் குளியல் வேண்டாம்.

பகத் வருவார். வைத்தியரும் பூசாரியும் அவரே. ப்யூரோவின் அச்சிட்ட விதிமுறையில் 'மூடநம்பிக்கைச் சடங்குகளை அனுமதிக்கக் கூடாது' என்று ஒரு வரி இருக்கிறது. யார் வீட்டில் யார் அனுமதிப்பது? அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். ஆயா பார்க்க வேண்டியது மூன்றே மூன்று. உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தானால் இலையின் பெயர், அளவு, நேரத்தை நோட்டில் எழுதி நர்ஸிடம் சொல்ல வேண்டும். புகை போடுவதானால் மூச்சிரைப்புக்காரரைப் படவிக்கு நகர்த்த வேண்டும். சூடு வைப்பதானால் மகனையோ மகளையோ கூப்பிட்டுப் பேச வைக்க வேண்டும், சர்க்கரைக்காரருக்கு அந்தப் புண் ஆறாது. மற்ற நேரத்தில் பாயை நகர்த்தி இடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்காரலாம். பகத் "இந்த மாத்திரையைப் போடு" என்று ஒருமுறை சொன்னால், நாம் பத்துமுறை சொல்வதற்குச் சமம்.

எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) கட்டடத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் கணக்கு வேறு. சிறுத்தை இல்லை, குப்பைத் தொட்டி உண்டு, கழிப்பறை உண்டு. ஆனால் வாசல் இல்லை. கதவை மூடினால் நாளெல்லாம் யாரையும் பார்க்க முடியாது. கதவைத் திறந்து வைத்து, நடைபாதையில் பாய் போட்டுக் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதை ஆயாவின் வேலையாகவே எழுத வேண்டும். லிஃப்ட் நின்றால் டாக்டரிடம் போக முடியாது என்பதால் அங்கே வாரநர்ஸ் கட்டாயம்.

காசு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு 2024 அக்டோபர் 29-இல் வந்தது, வருடத்துக்கு 5 லட்சம் வரை. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும். "கார்டு இருந்தால் ஆயா காசும் அதில் கழியும்" என்று விற்பனை ஆள் சொன்னால் நம்பாதீர்கள். கார்டு எடுக்க ஆதார் வேண்டும். உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது, கண் அல்லது முகம் வைத்துச் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆதாரில் பிறந்த வருடத்தைக் குத்துமதிப்பாகப் போட்டிருந்தால் எழுபது வயதானவர் அறுபத்தாறாக நிற்பார், அதை முதலில் பாருங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருக்கும் சாமான் வாடகை விதி. பேஷண்ட் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் நாற்காலியும் மெத்தையும் திருப்ப வேண்டும், இல்லையென்றால் நாள் வாடகை ஓடும். வீட்டில் இறப்பு நடந்தால் முதலில் டாக்டர் வந்து 4ஏ படிவத்தில் காரணம் எழுதித் தர வேண்டும். அதுவரை ஆயா நகையைக் கழற்றவோ தாடையைக் கட்டவோ குளிப்பாட்டவோ கூடாது, யார் தொட வேண்டுமோ அவர்கள் வரட்டும். அதற்குள் ப்யூரோவின் டெம்போ வாசலில் ஹாரன் அடிக்கும். காரியம் முடிந்த மறுநாள்தான் சாமான் எடுக்க வரலாம், அந்த நாட்களுக்கு வாடகை கிடையாது என்று பேனாவால் எழுதி, பக்கத்தில் ப்யூரோக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள். இதுவரை கேட்டவர்களுக்கு அவர்கள் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள்.